பதர் எங்கே பிறக்கிறது: நெற்பூவுக்குள் அண்டமும் விந்தணுவும்

கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால், காவிரிப் படுகையிலிருந்து வரும் செய்திகளில் ஒரு கவலை தவறாமல் இடம்பெறும்: பயிர் பூத்து நிற்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, நெல் பதராகிவிடும். நகரத்து வாசகருக்கு இது புரிவதில்லை. வெள்ளத்தில் மூழ்கினால் அழுகும், காற்றில் சாய்ந்தால் முளைக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் தண்ணீர் வடிந்து, பயிர் சாயாமல், தோகை பச்சையாக நிற்கும் வயல் அறுவடையில் மட்டும் ஏன் சாவியாக, அதாவது உள்ளே மணியில்லாத பதராகப் போகிறது?

விடை நெற்பூவுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு அண்டசெல்லும் இரண்டு விந்தணுக்களும் சந்திக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு ஒரே ஒரு முற்பகல். அந்த முற்பகலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எந்த மழை கெடுக்கும், எது கெடுக்காது, சேதத்தை எப்போது எண்ண வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

உமிக்குள் ஒரு முழுப் பூ

நாம் நெல் என்று அள்ளும் ஒவ்வொரு மணியும் ஒரு காலத்தில் ஒரு பூ. இதழ் கிடையாது, நிறம் கிடையாது, தேன் கிடையாது. இரண்டு உமிகள்தான் அதன் கதவுகள். கதிர் வெளிவந்த மறுநாள் ஒரு பூவை எடுத்து நகத்தால் உமியைப் பிரித்தால், அடியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய சூலகம் தெரியும். அதன் உச்சியில் இறகு போன்ற இரண்டு சூலகமுடிகள். சில ரகங்களில் வெள்ளை, சிலவற்றில் ஊதா. சுற்றிலும் ஆறு மகரந்தப்பைகள். ஆணும் பெண்ணும் ஒரே பூவில், ஒரே உமிக்குள்.

சூலகத்தின் அடிப்பக்கத்தில் இரண்டு சிறு செதில்கள் இருக்கின்றன. பூக்கும் நாளில் இவை நீரை உறிஞ்சி உப்பி, உமிகளை இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கின்றன. பெரும்பாலும் காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் இது நடக்கும். ஒரு பூ அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை திறந்திருக்கும். பிறகு செதில்கள் வாடி, உமி மூடிக்கொள்ளும். வேலை முடிந்த மகரந்தப்பைகள் மட்டும் வெளியே வெள்ளையாகத் தொங்கும். காலை வரப்பில் நடப்பவர் கண்ணுக்குக் கதிரில் 'பூ' என்று தெரிவது அந்தப் பைகள்தான். பூ அதற்குள் மூடியிருக்கும். மூடிய உமி மறுபடி திறப்பதில்லை.

இரண்டு செல்களின் கட்டமைப்பு

பள்ளிப் பாடத்தில் நாம் பார்த்த விந்தணுவுக்கு வால் உண்டு. மனித விந்தணு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளம். தலையில் தந்தையின் 23 குரோமோசோம்களும், அண்டத்தின் உறையைத் துளைக்கும் நொதிகள் கொண்ட ஒரு தொப்பியும். கழுத்தில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள். பிறகு நீந்துவதற்கான வால். அண்டம் இதற்கு நேர் எதிர்: நகராது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெரியது, கரு தொடக்க நாட்களில் வாழ வேண்டிய சேமிப்பெல்லாம் அதற்குள் இருக்கும்.

நெல்லின் விந்தணுவுக்கு வாலே இல்லை. நீந்தவும் தெரியாது, தானாக நகரவும் முடியாது. (எல்லாத் தாவரங்களும் இப்படி இல்லை. பங்களா வாசல்களில் அழகுக்கு வைக்கும் சைக்கஸ் இனத்தின் விந்தணு இன்றும் நீந்துகிறது.) ஒரு நெல் மகரந்தத்தூள் என்பது உண்மையில் மூன்று செல்கள். ஒன்று பெரியது, மாவுச்சத்து நிறைந்தது. குழாயாக வளர்ந்து வழிபோவது அதன் வேலை. அதற்குள் இரண்டு விந்தணுக்கள் பயணிகளாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 12 குரோமோசோம்கள். மகரந்தம் பையை விட்டு உதிரும்போதே இரண்டும் தயார்.

பெண் பக்கம் இன்னும் நுணுக்கமானது. சூலகத்துக்குள் ஒரே ஒரு சூல். அதற்குள் கருப்பை. பாடநூல்கள் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. விலங்குகளின் கருப்பையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது சில செல்கள் மட்டுமே கொண்ட ஒரு பை. அதன் வாசலருகே அண்டசெல், 12 குரோமோசோம்களோடு. அதை ஒட்டி இரண்டு துணைச்செல்கள். நடுவில் ஒரு பெரிய மையச்செல்; அதில் தலா 12 குரோமோசோம்கள் கொண்ட இரண்டு உட்கருக்கள். எதிர்முனையில் எதிரடிச் செல்கள்.

மைட்டோகாண்ட்ரியா மனிதரைப் போலவே நெல்லிலும் தாய்வழியாக, அண்டத்தின் மூலமாகவே வருகிறது. ஹைபிரிட் நெல் விதைத் தொழிலின் பெரும்பகுதி நிற்பது இந்த ஒரு உண்மையின் மேல். கீழே அதற்கு வருவோம்.

ஒரு முற்பகலின் நிகழ்ச்சிநிரல்

1. உமி திறப்பதற்குச் சற்று முன்போ திறக்கும் கணத்திலோ மகரந்தப்பைகள் வெடிக்கின்றன. தூள் பெரும்பாலும் அதே பூவின் சூலகமுடியில் விழுகிறது. நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் ஆவது இதனால்தான். வண்டும் தேனீயும் தேவையில்லை.

2. பைக்கு வெளியே வந்த தூளின் ஆயுள் சில நிமிடங்களே. சூலகமுடியில் ஒட்டிய தூள் இரண்டு மூன்று நிமிடங்களில் முளைத்து, மகரந்தக்குழாயை உள்ளே அனுப்புகிறது.

3. துணைச்செல்கள் வெளிவிடும் வேதிப்பொருள்கள் குழாயைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வேறொரு பூச்செடியில் இப்படி ஈர்க்கும் புரதங்களை அடையாளம் கண்டார்கள். நெல்லில் ஒரு மணி நேரத்துக்குள் குழாய் சூலை எட்டிவிடும்.

4. குழாய் ஒரு துணைச்செல்லுக்குள் புகுந்து வெடிக்கிறது. அந்தச் செல் அழிகிறது. இரண்டு விந்தணுக்களும் அண்டசெல்லுக்கும் மையச்செல்லுக்கும் இடையில் இறக்கிவிடப்படுகின்றன.

5. ஒரு விந்தணு அண்டசெல்லோடு இணைகிறது. மற்றொன்று மையச்செல்லோடு. உட்கருக்கள் முழுதாகக் கலக்க மேலும் சில மணி நேரம் ஆகும்.

செல் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருகுவதற்கு விந்தணுவின் மேற்பரப்பில் ஒரு புரதம் வேண்டும். பூக்கும் தாவரங்களில் அதை 2006இல் கண்டுபிடித்தார்கள். வியப்பு என்னவென்றால், அதே புரதம் மலேரியா ஒட்டுண்ணியின் ஆண் செல்லிலும் இருக்கிறது. மனிதரில் அந்த வேலைக்கு வேறு ஆள்: 2005இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட இசுமோ. நம் திருமணஞ்சேரியைப் போல அங்கே திருமண வரம் தேடிப் போகும் கோயிலின் பெயர் அது. அண்டத்தின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் இணைப்புரதம் 2014இல்தான் தெரியவந்தது.

விலங்குகளில் கோடிக்கணக்கான விந்தணுக்கள் ஒரு அண்டத்தைத் தேடிப் போவதால், முதல் ஆள் நுழைந்தவுடன் அண்டம் கதவடைக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது. நெல்லில் வந்து சேர்வதே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் இடம் உண்டு. நெரிசல் இல்லை. ஆனால் மாற்று ஆளும் எளிதில் கிடைக்காது.

சோறு எந்த இணைவின் பிள்ளை?

இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் கீவ் நகரில் லில்லி இனச் செடிகளில் கண்டு சொன்னவர் செர்கேய் நவாஷின். அடுத்த ஆண்டே பிரான்சில் கினார் தனியாக இதே முடிவுக்கு வந்தார். பூக்கும் தாவரங்களின் தனி அடையாளம் இது.

முதல் இணைவில் 12 + 12 = 24 குரோமோசோம். அது முளை, அதாவது அடுத்த தலைமுறை நெற்செடி. இரண்டாவது இணைவில் 12 + 12 + 12 = 36. அது கருவூண் திசு. முளை வளர்வதற்காகச் செடி கட்டிக்கொடுக்கும் சாப்பாடு. நாம் வடித்துச் சாப்பிடுவது இதைத்தான். ஆலையில் தீட்டும்போது முளை தவிட்டோடு போய்விடுகிறது. தட்டில் விழும் வெள்ளை அரிசி முழுக்க முழுக்க இரண்டாவது விந்தணுவின் வாரிசு.

உமியும், தவிட்டின் வெளித்தோலும் இந்த இரண்டிலும் சேராது. அவை தாய்ச்செடியின் உடல். கருப்புக்கவுனியின் கருமை இருப்பது அந்தத் தோலில். பக்கத்து வயலிலிருந்து வேறு ரக மகரந்தம் தப்பித்தவறி வந்து சேர்ந்தாலும் அந்த ஆண்டு மணியின் நிறம் மாறாததற்குக் காரணம் இதுதான். மாற்றம் தெரிய அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டும்.

பதருக்கு வருவோம். இரண்டாவது இணைவு நடந்தால்தான் மணிக்குள் பால் பிடிக்கும். நடக்காவிட்டால் எவ்வளவு உரம் போட்டாலும், எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த உமிக்குள் ஒன்றும் வராது.

மழை எங்கே குறுக்கிடுகிறது

மழை மகரந்தத்தைக் 'கழுவிவிடுகிறது' என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. முதன்மையான சேதம் வேறு. மகரந்தத்தூளுக்குள் இருக்கும் கரைசல் அடர்த்தியானது. மழைநீர் பட்டதும் நீர் உள்ளே பாய்ந்து தூள் ஊதி வெடித்துவிடும். ஈரமான பைகள் சரியாகப் பிளக்காமல் தூள் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, இருண்ட ஈர நாளில் பல பூக்கள் திறப்பதே இல்லை. இப்படி மூடிய உமிக்குள்ளேயே பை வெடித்துச் சில பூக்கள் கருவுறுவதும் உண்டு. முழு வயலும் ஒரே மழையில் சாவியாகிவிடாமல் காப்பது இந்தப் பழக்கம்தான்.

எல்லா மழையும் ஒன்றல்ல. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பெய்யும் மழை அன்றைய பூக்களைத் தொடாது. அவை வேலை முடித்து மூடிவிட்டன. ஒரு கதிரில் நுனியிலிருந்து அடி நோக்கிப் பூக்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், ஒரு வயல் முழுக்கப் பூக்க பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே ஒரு நாள் காலை மழை ஒரு பங்கைத்தான் எடுக்கும். கணக்குக்காக ஒரு கதிரில் 150 பூ என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு, 50 பூ, மழைக்காலையில் சிக்குகிறது. அதில் பாதி கருவுறவில்லை என்றால் 25 பதர். நல்ல வயலிலேயே இருக்கும் வழக்கமான பதரோடு இது சேரும்போதுதான் மரக்கால் குறைவது தெரியும். உச்சப் பூப்பில் மூன்று நாள் அடைமழை என்றால் கணக்கு வேறு.

கோடை நெல்லில் இதே விபத்து வெயிலால் நடக்கிறது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரமே போதும், பைகள் சரியாக வெடிக்காது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு காட்டு நெல் இனத்திலிருந்து விடியலிலேயே பூக்கும் குணத்தைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்தது இதற்காகத்தான். வெயிலைத் தாங்கும் பூவை உருவாக்குவதைவிட வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கும் பூ சுலபமான வழி என்று எனக்கும் தோன்றுகிறது.

பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, கதிர் இன்னும் தோகைக்குள் பொதியாக இருக்கும்போதே, இன்னொரு ஆபத்து உண்டு. அப்போதுதான் மகரந்தத்தாய் செல்கள் குன்றல் பிரிவு அடைந்து 24 குரோமோசோமை 12 ஆக்குகின்றன. அந்த நாட்களில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் மகரந்தம் மாவுச்சத்து இல்லாமல் வெறும் ஓடாக நிற்கும். அயோடின் கரைசல் விட்டுப் பார்த்தால் நல்ல தூள் கருநீலமாகும், மலட்டுத் தூள் வெளிறியே இருக்கும். மேட்டூர் அணையின் வழக்கமான பாசனக் காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. முதல் போகமான குறுவை தள்ளிப்போய், அதை அறுத்த வயலில் நடும் தாளடியும் தள்ளிப்போனால், பொதியும் பூவும் ஜனவரிக் கடைசியில் வாய்க்கால் வற்றும் நேரத்தில் வந்து விழும். பாசன வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் இது மழையைவிடப் பெரிய பயம்.

தன் வயல் எப்போது பூக்கும் என்பதை அறிய எளிய கணக்கு உண்டு: ரகத்தின் மொத்த வயதிலிருந்து 30 நாளைக் கழிக்க வேண்டும். 135 நாள் ரகம் விதைத்த 105ஆம் நாளை ஒட்டிப் பூக்கும். ஆகஸ்ட் நடுவில் விதைத்தால் அது நவம்பர் கடைசி, பருவமழையின் நடுமுதுகு.

மருந்து அடிப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. பூக்கும் வயலில் காலையில் தெளிப்பு கூடாது. தெளிப்பான் அடிப்பதும் ஒரு மழைதான். பிற்பகலுக்குத் தள்ளிவையுங்கள்.

பதர், கருக்காய், வெண்கதிர்: பிரித்துப் பார்ப்பது

களத்தில் தூற்றும்போது பறப்பதெல்லாம் பதர் என்று ஒரே பெயரில் போகிறது. காரணங்கள் வெவ்வேறு. காரணத்தை உமியைப் பிரித்துத்தான் சொல்ல முடியும்.

உள்ளே தொடக்கத்தில் இருந்த அதே சிறு சூலகம் வாடிக் கிடந்தால் கருவுறுதலே நடக்கவில்லை. கூடவே ஆறு பைகளும் உமிக்குள்ளேயே காய்ந்து கிடந்தால் அந்தப் பூ திறக்கவே இல்லை என்று பொருள், மழையைச் சந்தேகிக்கலாம்.

அரைகுறையாக வளர்ந்து சுருங்கிய மணி இருந்தால் அது கருக்காய். கருவுறுதல் நடந்தது, பிறகு நிரம்பவில்லை. சத்துக் குறைவு, தண்ணீர்க் குறைவு, அல்லது பாலை உறிஞ்சும் கதிர்நாவாய்ப்பூச்சி. பூச்சி குத்திய இடத்தில் உமியில் பழுப்புப் புள்ளி இருக்கும்.

கதிர் முழுவதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சியின் வெண்கதிர். பூவுக்கும் மழைக்கும் இதில் பங்கில்லை.

நெல் பழம் தனிக் கதை. மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள், பிறகு கரும்பச்சை உருண்டை. சிலர் இதை லட்சுமி வந்ததாகக் கொண்டாடுவதும் உண்டு. இந்தப் பூஞ்சை பொதிப் பருவத்திலேயே உள்ளே புகுந்து மகரந்தக் காம்புகளைப் பிடித்துக்கொள்கிறது. கருவுறுதலைத் தடுத்துவிட்டு, கருவுற்ற சூலகத்துக்குச் செடி அனுப்பும் உணவைத் தானே வாங்கிக்கொள்கிறது. உருண்டை கண்ணில் பட்ட பிறகு மருந்தடிப்பது வீண் செலவு. தடுக்க வேண்டிய நேரம் கதிர் வெளிவருமுன்.

விதை எடுத்து வைப்பதும் வாங்குவதும்

தன் மகரந்தச் சேர்க்கையால் நெல்லில் அயல் கலப்பு மிகக் குறைவு. மாப்பிள்ளைச் சம்பாவை ஒருவர் விதைத்து, எடுத்து, பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டும் அது மாப்பிள்ளைச் சம்பாவாகவே இருக்கும். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாக்களில் கைமாறிய நூற்றுக்கு மேற்பட்ட மரபு ரகங்கள் குணம் கெடாமல் பரவ முடிந்தது இந்தப் பூவின் மூடிய சுபாவத்தால்.

ஹைபிரிட் நெல்லுக்கு இதே சுபாவம் தடை. தன்னைத்தானே கருவுறச் செய்யும் பூவில் எப்படி வேறு தந்தையைச் சேர்ப்பது? 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் நெல் ஆய்வாளர் யுவான் லாங்பிங்கின் குழுவினர் மகரந்தம் மலடான ஒரு காட்டு நெற்செடியைக் கண்டெடுத்தார்கள். மலட்டுத்தன்மை மைட்டோகாண்ட்ரியாவில் இருந்ததால், அண்டத்தின் வழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தாய்வரிசையில் தொடர்ந்தது. இன்றும் விதை உற்பத்தி வயல்களில் தாய்வரிசைக்கும் தந்தைவரிசைக்கும் இடையில், பூ திறந்திருக்கும் முற்பகலில், கயிறு இழுத்து மகரந்தத்தை உதிர்க்கிறார்கள். அப்படி வந்த விதையின் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும். ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும்.

இதை உடைக்கும் முயற்சியும் நடக்கிறது. கலிபோர்னியாவில் வெங்கடேசன் சுந்தரேசன் குழு, நெல்லின் அண்டசெல்லை விந்தணு இல்லாமலே கருவாக வளரத் தூண்டி, தாயின் அச்சுப்பிரதியான விதையை உருவாக்கியது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் வெற்றி விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. 2022இல் வெளியான இன்னொரு ஆய்வில் 95 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அந்தச் செடிகளிலும் கருவூண் திசு உருவாக மையச்செல்லோடு விந்தணு இணைந்தே ஆக வேண்டும். முளைக்குத் தந்தை தேவையில்லாமல் போகலாம், அரிசிக்குத் தேவை. மழைக்காலைப் பதர் அந்த நெல்லுக்கும் உண்டு.

சேதக் கணக்கு எப்போது

மழை நின்றதும் வருவாய்த்துறையும் வேளாண்துறையும் வயலுக்கு வருகின்றன. மூழ்கியது, சாய்ந்தது, அழுகியது எண்ணப்படும். பேரிடர் நிவாரண விதிகள்படி சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பூவில் கெட்ட வயல் அந்த நாளில் பச்சையாக, நிமிர்ந்து நிற்கும், பட்டியலில் ஏறாது. பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனை பிறகு எடையைக் காட்டும். ஆனால் அது பகுதி வாரியான சராசரி. இரண்டு வாரம் முன்னே பின்னே விதைத்த வயல்களை ஒன்றாகக் கலக்கும்போது, சரியாக மழையில் பூத்த சிலரின் இழப்பு மற்றவர்களின் விளைச்சலில் கரைந்துபோகும்.

அறுவடை வரை காத்திருக்கத் தேவையில்லை. கருவுற்ற சூலகம் ஒரு வாரத்துக்குள் உமியின் நீளத்துக்கு வளர்ந்துவிடும். பூத்த பத்தாம் நாள் கதிரை வெயிலுக்கு எதிரே பிடித்தால் கருவுற்ற மணி ஒளியை மறைக்கும். கருவுறாத உமி கண்ணாடிபோல் ஒளியை விடும். சந்தேகமானதை நகத்தால் அழுத்தினால் பால் வரும், அல்லது வராது. வயலின் பல மூலைகளிலிருந்து பத்துக் கதிர் எடுத்து எண்ணினால் சதவீதம் கையில் இருக்கும். இதற்கு ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம். விதைத்த தேதியும் ரகமும் தெரிந்தால் போதும். கார்த்திகைக் கடைசியில் பூத்த வயலுக்கு இந்த எண்ணிக்கை மார்கழி இரண்டாம் வாரத்திலேயே முடிந்துவிடும். அறுவடையோ தை மாதத்தில்.